நாலாவது கேள்வி

திருப்பதி,
14.7.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

கலைவாணி எழுதுவது. ஹாஸ்டல் சோறு தின்றும் நான் இளைத்துவிடவில்லை. அங்கே நைனா, அம்மா, அண்ணி, நீ எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? நைனாவுக்கு இருமல் விட்டதா?

இந்த வருஷம் எனக்கு வகுப்பே கிடையாது என்றால் நீ நம்பமாட்டாய். பி.பி.எம். மூன்றாம் வருஷத்தை எங்கள் காலேஜில் பிளேஸ்மென்ட் வருஷம் என்கிறார்கள். ஒரு கம்பெனியில் போய் உட்கார்ந்து, ஒரு கைடு சொல்கிறபடி ஆராய்ச்சி செய்து, கடைசியில் தடிமனாக ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் மார்க், அதற்குத்தான் டிகிரி. என்னையும் ஸ்வர்ணலதா என்ற பெண்ணையும் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சர்வே கம்பெனியில் போட்டிருக்கிறார்கள். ஸ்வர்ணலதா மதனப்பள்ளிக்காரி, தெலுங்கு வீட்டுப் பெண், என்னோடு நன்றாகப் பழகுகிறாள். எங்கள் கைடு பெயர் ஹரிபிரசாத். சத்தமே போட மாட்டார். தப்பைக் கண்டால் காகிதத்தை நம் கண்ணெதிரில் இரண்டாகக் கிழித்து மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

மெட்ராஸில் ஏதோ ஒரு கம்பெனிக்காக, புத்தூருக்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் யாரிடம் எவ்வளவு நிலம், என்ன பயிர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். என் பங்குக்கு நான்கு ஊர். இங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நம் வேப்பங்கண்டிகையும் என் தலையில் விழுந்திருக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவர் நேரில் போயே ஆக வேண்டும். ‘நேரில் வந்து கேட்டேன்’ என்று ஒவ்வொரு ஃபாரத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். எதை மாற்றினாலும் அதை மட்டும் மாற்றக்கூடாது என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகையால் உன் தங்கை நோட்டும் கையுமாக வந்து உன்னையே கேள்வி கேட்கப் போகிறாள். மரியாதையாகப் பதில் சொல்.

உன் தங்கை,
கலைவாணி


வேப்பங்கண்டிகை,
5.8.1996

ஆபீசரம்மா கலைவாணிக்கு அண்ணன் செங்கல்வராயன் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பதினைந்து நாள் முன்னால் வண்டியிலிருந்து வைக்கோல் இறக்கும்போது நைனா கால் வழுக்கி விழுந்துவிட்டார். இடது தொடை எலும்பு. புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டிருக்கிறோம். ‘மூணு மாசம் அசையக் கூடாது, அசைஞ்சா நான் பொறுப்பில்ல’ என்று கட்டுப் போட்டவர் சொல்லிவிட்டார். அங்கேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்து, அம்மா துணைக்கு இருக்கிறாள். நான் வாரம் ஒரு தடவை அரிசியும் துணியும் கொண்டுபோகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. வலியைவிடப் படுத்துக் கிடப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீ ஊருக்கு வர எப்படியும் புத்தூரில்தானே பஸ் மாற வேண்டும். இறங்கி நைனாவைப் பார்த்துவிட்டு வா. ‘கலைவாணி எப்ப வருது’ என்று போகும்போதெல்லாம் கேட்கிறார்.

நம் ஊரில் நிலக் கணக்கு எழுத உனக்கு நோட்டே தேவையில்லை. முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டு பட்டா, வீட்டுக்கு ரெண்டு ஏக்கர். எழுபத்தாறில் சர்க்கார் கொடுத்தது. அதற்கு முன்னால் அத்தனை பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷமும் ஒரு கைடும் எதற்கு என்று உன் அண்ணி கேட்கிறாள்.

சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குகிறவர்களை நாங்கள் இங்கே வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். இருந்தாலும் நன்றாகச் செய்.

அண்ணன்,
செங்கல்வராயன்


திருப்பதி,
30.8.1996

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. எனக்கு மஞ்சள் காமாலை. பதினாறு நாளாகப் படுக்கை, கண் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. ஸ்வர்ணலதாதான் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள். நைனாவுக்கும் அம்மாவுக்கும் தெரிய வேண்டாம். கால் கட்டோடு எழுந்து வந்துவிடுவார். அவர் வலி இப்போது எப்படி இருக்கிறது?

மூன்று ஊர்களை முன்பே முடித்துவிட்டேன். நம் ஊர்தான் பாக்கி. செப்டம்பர் இருபதுக்குள் ஃபாரம் எல்லாவற்றையும் கொடுக்காவிட்டால் இந்த வருஷமே போய்விடும், அடுத்த ஜூலையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து வர எனக்குத் தெம்பில்லை. அதனால் கேட்கிறேன். எனக்குப் பதிலாக நீ வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி அனுப்புவாயா? அதைப் பார்த்து நான் ஃபாரத்தில் ஏற்றிக்கொள்கிறேன். நான் வரவில்லை என்பது வெளியில் தெரியக்கூடாது.

ஃபாரம் தெலுங்கில் இருக்கிறது, உனக்குப் படிக்க வராது என்பதால் கேள்விகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். முதலில் பட்டாதாரர் பெயர். அடுத்து எத்தனை ஏக்கர். மூன்றாவது, என்ன பயிர். நாலாவது, இந்த பூமி உங்களுக்கு அவசரமா. அஞ்சாவது, வீட்டில் வெளியூர் வேலைக்குப் போனவர் எத்தனை பேர். அவ்வளவுதான். நாலாவதுக்கு உண்டு, இல்லை என்று மட்டும் எழுதினால் போதும். அதற்கு இரண்டு கட்டம் இருக்கிறது, நான் டிக் போட்டுக்கொள்வேன்.

உன்னை இப்படி அலைய வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கலைவாணி


வேப்பங்கண்டிகை,
13.9.1996

தங்கச்சிக்கு,

காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்து மோரில் குடி, எண்ணெயைத் தொடாதே. பட்டியலைத் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று நாள் ஆனது. நைனாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நீ ஏன் வரவில்லை என்பார், காமாலை வெளியே வந்துவிடும். அம்மாவும் அவரோடு புத்தூரிலேயே இருப்பதால் தொல்லை இல்லை. வலி குறைந்திருக்கிறது, நன்றாகத் தூங்குகிறாராம்.

நம் ஊர் ஆட்கள் ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்பவர்களா? பெயர் என்ன என்று கேட்டால் மாமனார் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். உன் பெயரைச் சொன்னதும் எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள். ‘வீராசாமி பொண்ணு படிப்புக்கா, கேளு கேளு’ என்றார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

நாலாவது கேள்விதான் படுத்திவிட்டது. ‘இந்த பூமி உங்களுக்கு அவசரமா’ என்று நீ எழுதினபடியே கங்கையா வீட்டில் வாசித்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘இன்னாடா கேள்வி இது. பூமிக்கு இன்னா அவசரம், அது எங்க ஓடிப் போவுது’ என்றார். காலேஜ் பாஷை நமக்குப் புரியாது என்று நானே உட்கார்ந்து யோசித்தேன். மெட்ராஸ் கம்பெனி என்றாயே, அவர்களுக்கு நிலம் வேண்டியிருக்கும், நிலத்தைக் கொடுத்துவிட அவசரமா என்று கேட்கிறார்கள் என அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அப்படிக் கேட்டதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ‘எனக்கு ஒரு அவசரமும் இல்ல. நான் செத்தாலும் எம் பேரன் உழுதுக்கினு இருப்பான்னு எழுதிக்க’ என்றார் கங்கையா. நீ உண்டு, இல்லை மட்டும் கேட்டதால் பேரனை விட்டுவிட்டு ‘இல்லை’ என்று எழுதினேன்.

முப்பத்தாறு வீட்டில் அவசரம் இல்லை. நம் வீட்டையும் சேர்த்துத்தான். வேதாச்சலமும் ரங்கையாவும்தான் அவசரம் உண்டு என்றார்கள். வேதாச்சலத்துக்கு மகனைக் குவைத்துக்கு அனுப்ப வேண்டுமாம். ரங்கையாவுக்கு ஊரில் எல்லோரோடும் சண்டை. அது விற்க முடியாத பட்டா என்று இருவருக்கும் தெரியும், இருந்தாலும் எழுதிக்கொள் என்றார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண் வெளுத்ததும் எழுது.

செங்கல்வராயன்


திருப்பதி,
8.10.1996

அன்புள்ள அண்ணா,

கண் வெளுத்துவிட்டது. நடக்கிறேன், சாப்பிடுகிறேன். நைனா எப்படி இருக்கிறார்? வந்து பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறேன், வேலை விடவில்லை.

உன் பட்டியல் சரியான நேரத்துக்கு வந்தது. ஃபாரம் எல்லாம் பத்தொன்பதாம் தேதியே கொடுத்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை சித்தூரில் கம்பெனிக்காரர்கள் முன்னால் பேச வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். முதலில் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் நம் ஊர் விவரம் வந்ததும் அவர்கள் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். டைல்ஸ் ஃபேக்டரி கட்டப் போகிறார்களாம். ஹரிபிரசாத் சார் எல்லோர் முன்னாலும், ‘இந்தப் பெண்ணின் ஃபீல்டு வொர்க்தான் இந்த வருஷத்தில் சிறந்தது’ என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஸ்வர்ணலதா ஏதோ கேட்டாள். அதைப் பிறகு எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

கலைவாணி


வேப்பங்கண்டிகை,
24.11.1996

அன்புத் தங்கச்சிக்கு,

நைனா வீட்டுக்கு வந்துவிட்டார். கோல் ஊன்றி வாசல் வரை நடக்கிறார். கால் அரை அங்குலம் குட்டை. தீபாவளிக்கும் நீ வரவில்லை, கடிதமும் இல்லை. மறுபடி உடம்பு சரியில்லையா? சரியில்லை என்றால் ஒரு கார்டு போடு, நான் வருகிறேன்.

இங்கே ஒரு விஷயம். போன வாரம் ஜீப்பில் ஆள்கள் வந்து சங்கிலி போட்டு நம் நிலத்தையெல்லாம் அளந்தார்கள். வேர்க்கடலை பிடுங்கிப்போட்டிருந்தது, அதன்மேலேயே நடந்து போனார்கள். எதற்கு என்று கேட்டால், ‘மீரே கதா செப்பினாரு’, நீங்கள்தானே சொன்னீர்கள் என்று சிரித்தான் ஒருவன். நாங்கள் என்ன சொன்னோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. வேதாச்சலம் நிலத்தையும் ரங்கையா நிலத்தையும் மட்டும் அளக்கவில்லை. அது ஏன் என்று ஊரே பேசிக்கொள்கிறது. உன் ஆபீசில் யாருக்காவது தெரிந்தால் கேட்டு எழுது.

நைனா விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

செங்கல்வராயன்


திருப்பதி,
29.12.1996

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். நைனா நடக்கிறார் என்று படித்ததும் அழுதுவிட்டேன். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, ரிப்போர்ட் வேலை.

நிலம் அளந்தது பற்றி எனக்குத் தெரியாது. ஏதாவது ரீசர்வேயாக இருக்கும்.

ஒன்று சொல்கிறேன், ஏன் என்று கேட்காதே. ஆகஸ்டு மாதம் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துவிடு. அடுப்பில் போட்டாலும் சரி. பட்டியலுக்கு நகல் ஏதாவது வைத்திருந்தால் அதையும். ஊரில் யாரும் கேட்டால் சர்வே பற்றிப் பேச வேண்டாம். பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

கலைவாணி


வேப்பங்கண்டிகை,
22.1.1997

கலைவாணிக்கு,

பொங்கலுக்கும் நீ வரவில்லை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேறு விஷயம் இருக்கிறது.

முப்பத்தாறு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. தெலுங்கில் இருந்ததால் பக்கத்து ஊர் ஸ்கூல் ஆதிநாராயணன் வாத்தியாரிடம் கொண்டுபோனோம். படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். ‘இந்த நிலம் எங்களுக்கு வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களாமே’ என்றார். இந்த நிலம் தேவையில்லை என்று பட்டாதாரர்களே ஆராய்ச்சியாளரிடம் நேரில் சொல்லியிருப்பதால், சர்க்கார் பட்டாவை ரத்து செய்து நிலத்தைத் திருப்பி எடுத்து ஃபேக்டரிக்குக் கொடுக்கப் போகிறதாம். சர்க்கார் கொடுத்த பட்டா, சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம், நஷ்ட ஈடும் பெரிதாகக் கிடையாது என்றார்.

நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று எல்லோரும் கத்தினோம். பிறகு அவர் ஒவ்வொரு கேள்வியாக என்னைக் கேட்டார். நாலாவதைச் சொன்னதும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நமக்கு மட்டும் தெரியாதா அது? சந்தையில் ‘நாக்கு அவசரம் லேது’, எனக்குத் தேவையில்லை என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ தமிழில் எழுதியிருந்தாய், நான் தமிழாகப் படித்தேன். நிலம் தேவையா என்று நீ கேட்டிருக்கிறாய், கொடுக்க அவசரமா என்று நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் கொடுக்க மாட்டோம் என்று சொன்னது அங்கே போய் வேண்டாம் என்று ஆகிவிட்டது. கொடுக்கத் தயார் என்று சொன்ன இரண்டு பேர் நிலம்தான் தப்பித்திருக்கிறது. இதைக் கேட்டு யாராலும் சிரிக்கக்கூட முடியவில்லை.

பிப்ரவரி 26 சித்தூரில் விசாரணை. வாத்தியார் ஒரு வழி சொன்னார். அந்தப் பெண் நேரில் வராமலே ஃபாரம் எழுதினாள் என்று தெரிந்தால் அந்த ரிப்போர்ட் செல்லாது, மறுபடி கேட்டுத்தான் ஆக வேண்டும். நீ வந்து ‘நான் போகவில்லை, சொல் மாறிப்போச்சு’ என்று சொன்னால் போதும். உன் ஆகஸ்டுக் கடிதம் என்னிடம் இருக்கிறது. கிழிக்கவில்லை. கிழிக்கச் சொன்னாயே, அதற்குள் உனக்குத் தெரிந்துபோயிருக்கிறது. எப்போதிலிருந்து தெரியும், கலை?

செங்கல்வராயன்


திருப்பதி,
12.2.1997

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை.

அக்டோபர் நான்காம் தேதியிலிருந்து தெரியும். சித்தூரிலிருந்து திரும்பும்போது ஸ்வர்ணலதா கேட்டாள், ‘மற்ற மூன்று ஊரிலும் எல்லோரும் நிலம் தேவை என்கிறார்கள், உங்கள் ஊரில் மட்டும் யாருக்கும் வேண்டாமா?’ என்று. அப்போதுதான் உறைத்தது. மூன்று ஊரில் நானே தெலுங்கில் வாய் வலிக்க அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். காமாலையில் கிடந்தபோது அதே சொல்லைத் தமிழ் எழுத்தில் உனக்கு எழுதிவிட்டேன். எந்தச் சொல் எந்த பாஷை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. உன் கடிதத்தில் கங்கையா சொன்னதைப் படித்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். பிறகு பட்டியலை எடுத்து மடமடவென்று டிக் போட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மறுநாள் கடைசித் தேதி.

சாரிடம் ஒரு தடவை வாயைத் திறந்தேன். நம் ஊர் ஃபாரத்தில் ஒரு சந்தேகம் என்று மட்டும்தான் சொன்னேன். ‘நீ நேரில் போனாயா, இல்லையா?’ என்று கேட்டார். போனேன் என்றேன். ‘அப்படியென்றால் சந்தேகம் எதற்கு’ என்று சொல்லிவிட்டார். போகவில்லை என்றால் மூன்று வருஷமும் வீண், பொய்க் கையெழுத்து என்று காலேஜை விட்டே அனுப்பிவிடுவார்கள். பயந்தேன் அண்ணா. இப்போதும் பயப்படுகிறேன்.

தெலுங்கில் ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், எல்லோரும் கைநாட்டு வைத்துக் கொடுங்கள். அதில் நான் வந்தேனா வரவில்லையா என்பதை எழுதவில்லை. 26ஆம் தேதி காலை பாகாலா வழியாகப் போகும் பஸ்ஸில் வருகிறேன். கண்டிப்பாக வருகிறேன்.

கலைவாணி


வேப்பங்கண்டிகை,
2.3.1997

தங்கச்சிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன்.

26ஆம் தேதி காலையிலேயே சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். திருப்பதியிலிருந்து வந்த ஆறு பஸ்ஸைப் பார்த்தேன். பதினொரு மணிக்குக் கங்கையா வந்து, ‘வாடா, கூப்பிட்டுட்டாங்க’ என்று இழுத்துக்கொண்டு போனார். நைனாவால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. சர்வேக்கு நீ ஊருக்கு வராததை அவரிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

உன் மனுவை அதிகாரி படித்தார். ‘சொல் மாறிப்போச்சு என்றால் நான் எப்படி நம்புவது? ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஆராய்ச்சி செய்த பெண் ஊருக்கு வந்தாளா இல்லையா’ என்று தெலுங்கில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது, அது கங்கையாவுக்குத் தெரியும். நானே பேசுவது, நானே கடிதத்தைக் காட்டுவது என்று ஊரில் பேசி வைத்திருந்தோம்.

அப்போது அவர் ஃபைலைத் திருப்பி என்னிடம் காட்டினார். முப்பத்தெட்டு ஃபாரம். ஒவ்வொன்றிலும் கீழே உன் கையெழுத்து. ‘வராமல் வந்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த ரிப்போர்ட்டை இப்போதே தள்ளுகிறேன். ஆனால் அந்தப் பெண்மேல் போலீஸ் கேஸ் போடச் சொல்லி எழுதுவேன், அதையும் தெரிந்துகொண்டு சொல்’ என்றார். நம் வீட்டில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட முதல் பெண் நீ. நான் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் சோறும் என் வாயில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும் கலை. தெரிந்துதான் சொன்னேன். ‘வந்தாள் சார். என் தங்கச்சிதான் வந்து கேட்டாள்’ என்றேன்.

‘பொய் சொல்றான் சார், லெட்டர் வச்சிக்கினு கீறான், பைய பாருங்க’ என்று கங்கையா கத்தினார். எந்த லெட்டரும் இல்லை என்றேன். கூடப்பிறந்தவனே சொல்கிறான், உங்களுக்கு நிலம் போகிற ஆத்திரம் என்று சொல்லி அதிகாரி நான் சொன்னதை எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. என்னை விட்டுவிட்டு அவர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போனார்கள். நான் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

செங்கல்வராயன்


திருப்பதி,
19.5.1997

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

அன்று நான் பஸ் ஏறினேன். பாகாலா வரை வந்தேன். அங்கே டீ குடிக்க நிறுத்தினார்கள், நானும் இறங்கினேன், திரும்ப ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்று திருப்பதி பஸ்ஸுக்குக் கை காட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதல் வகுப்பில் பாஸாகிவிட்டேன். சர்வே கம்பெனியிலேயே வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். முதல் சம்பளம் வந்ததும் உனக்குத்தான் அனுப்புவேன். கேஸ் போட்டாலும் பரவாயில்லை, நீ உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நீ பொய் சொன்னதைப் படித்ததும் எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்படிப்பட்டவள் நான். இனி எப்போதும் உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வர வேண்டும் போல் இருக்கிறது. நைனாவைப் பார்த்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வரலாமா?

கலைவாணி


வேப்பங்கண்டிகை,
8.6.1997

தங்கச்சிக்கு,

பாஸானது சந்தோஷம். அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். சம்பளம் அனுப்ப வேண்டாம், உனக்கு வைத்துக்கொள்.

நிலத்துக்குக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். பதினோரு வீட்டு ஆட்கள் மெட்ராஸ் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். கங்கையா, அவர் மகன், அந்தப் பேரன், மூன்று பேரும் போனார்கள். நானும் அடுத்த வாரம் கும்மிடிப்பூண்டியில் மூட்டை தூக்கப் போகிறேன். கங்கையம்மன் கூழுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. உன் அண்ணி தண்ணீருக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நீ வருவது பற்றி எழுதுகிறேன், கவனமாகப் படி.

நான் பொய் சொன்னேன் என்று ஊரே நைனாவிடம் வந்து சொல்லிவிட்டது. அவர் நம்பவில்லை. ‘எம் புள்ள சர்க்கார் ஆபீசுல நின்னு பொய் சொல்ற ஆளு இல்ல. அவ வந்தான்னு அவன் சொன்னா, வந்துதான் இருப்பா’ என்று கோலை ஊன்றிக்கொண்டு ஒவ்வொருவரோடும் சண்டை போட்டார். இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது. அதன் பிறகு வேறு ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. தினம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிறார். ‘அவ ஊருக்கு வந்தப்ப நான் புத்தூருல தானே கால் கட்டோட கிடந்தேன். அங்கதான பஸ்ஸு மாறியிருப்பா. போவ சொல்லோ இல்லன்னாலும் வர சொல்லோவாவது எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கலாம் இல்ல? பெரிய ஆராய்ச்சி பண்றவளுக்கு அப்பன் ஞாபகம் வரலையா?’ இதைச் சொல்லும்போது அவர் அழுகிறார். நிலம் போனதற்கு அவர் அழவில்லை.

நீ வரவே இல்லை என்று நான் சொன்னால் அவர் நெஞ்சு ஆறிவிடும். ஆனால் அவர் மகன் முப்பத்தாறு வீட்டை வாயால் அழித்தவன் என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு அவர் இந்த ஊரில் ஒரு நாள் உயிர் வாழ மாட்டார். அவர் எனக்காக ஊரோடு சண்டை போட்டவர்.

அதனால் நீ வா. வந்து அவர் காலடியில் உட்கார். அன்று ஊருக்கு வந்தேன் நைனா, புத்தூரில்தான் பஸ் மாறினேன், உன்னை வந்து பார்க்கவில்லை, நேரமாகிவிட்டது என்று உன் வாயால் சொல். அவர் திட்டுவார், கேட்டுக்கொள். அவர் சாகும்வரை அப்படித்தான் நடந்தது என்று நாம் இருவரும் சொல்லியாக வேண்டும்.

அதைச் சொல்ல உன்னால் முடியுமென்றால் ஒரு கார்டு போடு, புத்தூருக்கு வந்து அழைத்துப் போகிறேன். முடியாதென்றால் வராதே.

அண்ணன்,
செங்கல்வராயன்